உப்பைக் குறைத்த மிசோவும் மாமியாரின் மாத்திரையும்

கேள்வி: நான்கு ஆண்டுகளாக மிசோவும் (உப்பிட்டு நொதிக்கவைத்த சோயா விழுது) டெம்பேயும் (பூஞ்சை பிடித்துக் கட்டியான சோயா) வீட்டிலேயே செய்துவருகிறேன். நாட்டோவும் (வழவழப்பாக நொதித்த முழுச் சோயா) சோயா சாஸும் கடையில் வாங்குகிறோம். சென்ற மாதம் ஓர் இரவு என் கணவர் மிசோ சூப்புடன், தேதி முடிந்து இரண்டு வாரமான நாட்டோ பொட்டலம் ஒன்றைச் சாப்பிட்டார். கூடவே ஒயினும் குடித்தார். அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து தலைவலி வந்துவிட்டது. காலையில் சரியாகிவிட்டது. பிறகு தேடிப் படித்தபோது ‘பயோஜெனிக் அமீன்கள்’ என்ற பெயர் கண்ணில் பட்டது. பிணத்தில் உண்டாகும் நஞ்சு நொதித்த சோயாவிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து ஜாடியைத் திறக்கவே கை வரவில்லை. மாமனாருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் இந்த முறை மிசோவில் உப்பைப் பாதியாக்கியிருந்தேன்: 2 கிலோ வெந்த சோயா, 1 கிலோ கோஜி (பூஞ்சை வளர்த்த தானியம்), 400 கிராமுக்குப் பதிலாக 200 கிராம் உப்பு. பத்து மாதமாக வெளியில்தான் இருக்கிறது. மாமியார் பல ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் எல்லோரும் ஒரே சூப்பைத்தான் குடிக்கிறோம். நன்றாகக் கொதிக்கவைத்தால் போதுமா? எல்லாவற்றையும் கொட்டிவிடவேண்டுமா?

பி.கு.: மூன்று வயதான பழைய ஜாடியில் மணல்போல வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. அவைதான் அந்த அமீன்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜாடியைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிய நீங்கள், மாமியாரின் மாத்திரையை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவன். என் பிழைப்பே ஜாடிகளைப் பற்றிப் பேசுவதுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் முதலில் திறந்து பார்க்கவேண்டியது மாத்திரைப் பெட்டியைத்தான்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. இன்று பெரும்பாலோருக்கு எழுதித் தரப்படும் ஃபுளுவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவற்றுக்கும் நொதித்த உணவுக்கும் இந்த விஷயத்தில் பகை இல்லை. மாமியார் சாப்பிடுவது இவற்றில் ஒன்றாக இருந்தால் மிசோ சூப்பில் அவர் பங்கை அவர் நிம்மதியாகக் குடிக்கலாம். ஆனால் ‘பல ஆண்டுகளாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய மருந்துகளில் மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்று ஒரு வகை உண்டு. ஃபெனெல்சின், ட்ரானில்சிப்ரோமின், ஐசோகார்பாக்சசிட் என்பவை அவற்றின் பெயர்கள். இவற்றில் ஒன்று பெட்டியில் இருந்தால் பேச்சே வேறு.

மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்பது நம் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உட்கார்ந்திருக்கும் ஒரு நொதி. நீங்கள் படித்த பயோஜெனிக் அமீன்களில் ஒன்றான, உணவோடு வரும் டைரமினை இரத்தத்தில் கலக்க விடாமல் வாசலிலேயே உடைத்துப்போடுவது அதன் வேலை. மருந்து அந்தக் காவலாளியைத் தூங்கவைத்துவிடுகிறது. டைரமின் உள்ளே நுழைந்து, நரம்பு முனைகளில் சேமித்துவைக்கப்பட்டிருக்கும், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. பின்மண்டையில் இடிப்பதுபோன்ற தலைவலி, படபடப்பு, வியர்வை, கழுத்து இறுக்கம் என்று தொடங்கி, மூளையில் இரத்தக் கசிவு வரை போய் உயிரைப் பறித்திருக்கிறது.

இது கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு கடிதத்தால்தான். 1963-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர், ட்ரானில்சிப்ரோமின் சாப்பிடுபவர்களுக்குத் திடீர்த் தலைவலியும் இரத்த அழுத்தமும் வருவதைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்த ரோ என்ற மருந்தாளுநர், அதே மருந்தைச் சாப்பிடும் தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்றால் அப்படித்தான் ஆகிறது, வெண்ணெயும் பாலும் ஒன்றும் செய்வதில்லை என்று அவருக்குக் கடிதம் எழுதினார். முதலில் யாருக்கும் அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. பிறகு பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. குற்றவாளி பாலாடைக்கட்டியில் இருந்த டைரமின். வீட்டில் ஒருவருக்கு ஏதோ ஆகிறது, எதைச் சாப்பிட்டபின் ஆகிறது என்று உற்றுப் பார்த்து எழுதுகிறவர்களை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்த மருந்துகள் எதையும் சாப்பிடாத, உடல்நலத்துடன் இருக்கும் ஒருவருக்கு ஒரு வேளை உணவில் 600 மில்லிகிராம் டைரமின் வரை தீங்கு காணப்படவில்லை. பழைய வகைத் தடுப்பான்களைச் சாப்பிடுபவருக்கு அந்த எல்லை 6 மில்லிகிராம். நூறில் ஒரு பங்கு! சோயா சாஸில் டைரமின் லிட்டருக்குச் சில மில்லிகிராமாகவும் இருக்கலாம், பல நூறு மில்லிகிராமாகவும் இருக்கலாம். ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புட்டிகளுக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு உண்டு. லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள புட்டியிலிருந்து 15 மில்லிலிட்டர், அதாவது ஒரு பெரிய கரண்டி ஊற்றினால், 6 மில்லிகிராம் வந்துவிட்டது. எல்லை முடிந்தது. எந்தப் புட்டி எது என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல வழி இல்லை. அதனால்தான் அந்த மருந்தைச் சாப்பிடுபவர்களிடம் சோயா சாஸ், மிசோ, நாட்டோ, டெம்பே, நொதித்த டோஃபு (சோயாப் பால் கட்டி) எதுவும் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறார்கள். அளவு பார்த்துச் சாப்பிடுங்கள் என்று சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பார்கள். நொதிக்காத சோயாப் பாலும், புதிதாகச் செய்த டோஃபுவும் இந்தப் பட்டியலில் வராது.

மனச்சோர்வு மருந்து மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். லினசோலிட் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கும் இந்தக் குணம் உண்டு. அதைச் சாப்பிடும் நாட்களில் ஒரு வேளைக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவான டைரமினோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். காசநோய்க்குத் தரும் ஐசோநியாசிட், டைரமினை உடைக்கும் நொதி, இன்னோர் அமீனான ஹிஸ்டமினை உடைக்கும் நொதி இரண்டையும் ஓரளவு தடுக்கும். பார்க்கின்சன் நோய்க்கான செலஜிலின் குறைந்த அளவில் சாதுவானது. அளவைக் கூட்டினால் பழைய வகைபோல நடந்துகொள்ளத் தொடங்கும். பழைய வகைத் தடுப்பானை நிறுத்தியபிறகும் இரண்டு வாரம் உணவுக் கட்டுப்பாடு தொடரவேண்டும். அமீனோடு தொடர்பில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடிக்கடி தவறவிடப்படுகிறது: இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் நாட்டோவைத் தொடக்கூடாது. அதில் வைட்டமின் கே2 ஏராளம். மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். மாமனாரின் மாத்திரைகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள். வாயால் பெயர் சொல்லவேண்டாம், அட்டையைக் காட்டுங்கள். ‘இதைச் சாப்பிடும்போது டைரமின் உள்ள உணவு ஆகுமா?’ என்று இதே சொற்களில் கேளுங்கள். பதில் வரும்வரை மாமியாருக்கு நொதித்த சோயா எதுவும் வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; அது இதைவிடப் பெரிய தவறு. இத்தனை நாள் அதே சூப்பைக் குடித்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல அறிகுறிதான். ஆனால் ஜாடிக்கு ஜாடி அளவு மாறும் ஒரு பொருளில் நேற்றைய அனுபவத்தை நம்பி நாளைக்கு உத்தரவாதம் தர நான் தயாராக இல்லை.

இனி ஜாடிக்கு வருவோம்.

‘பிணத்தில் உண்டாகும் நஞ்சு’ என்று எழுதியவர் முழுப் பொய் சொல்லவில்லை. பெயரை வைத்துப் பயமுறுத்தியிருக்கிறார். 1885-ஆம் ஆண்டை ஒட்டி பெர்லினில் லூட்விக் பிரீகர் என்ற மருத்துவர் அழுகும் திசுக்களிலிருந்து இரண்டு பொருட்களைப் பிரித்தெடுத்தார். அழுகலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஒன்றுக்குப் புட்ரசின் என்றும், பிணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மற்றொன்றுக்குக் கடாவரின் என்றும் பெயர் வைத்தார். பெயர்தான் பாவம் செய்தது. புட்ரசின் உங்கள் உடலின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. அது இல்லாமல் செல் வளராது. நொதிக்கவே நொதிக்காத சோயாவிலும் அதன் உறவுக்காரர்களான ஸ்பெர்மிடினும் ஸ்பெர்மினும் இயல்பாகவே இருக்கின்றன.

நொதித்தலில் நடப்பது இதுதான். சோயாவின் உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கோஜியில் இருக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையின் நொதிகள் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலங்களாக்குகின்றன. மிசோவின் சுவை முழுவதும் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் சமைத்துவைத்த விருந்துக்கு அழைக்காதவர்களும் வருவார்கள் அல்லவா? சில பாக்டீரியாக்கள் அந்த அமினோ அமிலங்களிலிருந்து ஒரு மூலையைக் கிள்ளி, கார்பன் டை ஆக்சைடாக வெளியே விட்டுவிடுகின்றன. மிஞ்சுவதுதான் அமீன். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஹிஸ்டமின் ஆகிறது. டைரோசின் டைரமின் ஆகிறது. லைசின் கடாவரின் ஆகிறது. நமக்குக் கெடுதல் செய்ய அவை இதைச் செய்யவில்லை. புளிப்பு ஏறிய இடத்தில் தாக்குப்பிடிப்பதற்கு அவற்றுக்குத் தெரிந்த வழி இது. சுவைக்கும் அமீனுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால் அமீன் துளியும் இல்லாத நொதித்த சோயா என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த அளவைத் தீர்மானிப்பதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் கை வைத்ததும் அதில்தான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2 கிலோ சோயா, 1 கிலோ கோஜி, 400 கிராம் உப்பு: மொத்தம் 3.4 கிலோவில் உப்பு ஏறக்குறைய 12 சதவீதம். ஓராண்டு வெளியில் வைத்துப் பழுக்கவிடும் சிவப்பு மிசோவுக்கு இது சரியான அளவு. 200 கிராம் போட்டால் 6 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. பாதிதானே என்று தோன்றும். ஆனால் பாக்டீரியா மொத்த எடையில் வாழவில்லை, அதிலுள்ள நீரில் வாழ்கிறது. வெந்த சோயாவிலும் கோஜியிலும் சேர்த்து ஒன்றரை கிலோ நீர் இருக்கும் என்று வையுங்கள். 400 கிராம் போட்டபோது அந்த நீரின் உப்புத்தன்மை 21 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அதில் உப்பை விரும்பும் ஒரு சிலவற்றைத் தவிர மற்றவை முடங்கிப்போகும். 200 கிராமில் அது 12 சதவீதமாக இறங்கிவிட்டது. உப்பு சரியாகக் கலக்காத மூலைகளில் இன்னும் குறைவு. டைரமின் தயாரிப்பதில் பேர்பெற்ற என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா இனத்தை ஆய்வகத்தில் அடையாளம் காணும் பழைய சோதனையே, 6.5 சதவீத உப்புநீரில் அது வளர்கிறதா என்று பார்ப்பதுதான். உப்புக்கு அவ்வளவு பழகிய பிராணி அது. தசைகளைச் செயலிழக்கவைக்கும் பொட்டுலினம் நச்சைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவை நீரில் 10 சதவீத உப்பு இருந்தால் நிறுத்திவிடலாம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் ஜாடி அந்த வேலியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

குறைந்த உப்பில் மிசோவே செய்ய முடியாதா என்றால், முடியும். வெளிர்நிற இனிப்பு மிசோ 5, 6 சதவீத உப்பில்தான் செய்யப்படுகிறது. ஆனால் அதில் கோஜி சோயாவுக்குச் சமமாகவோ அதற்கும் மேலாகவோ இருக்கும். சில வாரங்களில் பழுத்துவிடும். உடனே குளிருக்குள் போய்விடும். நீங்கள் இனிப்பு மிசோவின் உப்பைப் போட்டுச் சிவப்பு மிசோவின் காலத்துக்குக் காத்திருந்தீர்கள். இரண்டு செய்முறைகளை ஒன்றாகத் தைத்ததுதான் பிழை.

அந்த ஜாடியைக் கொட்டிவிடுங்கள். அதைச் சாப்பிட்டால் உடல்நலமுள்ள ஒருவருக்கு அனேகமாக ஒன்றும் ஆகாமலே போகலாம். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் பெயர் தெரியாத மாத்திரை ஒன்று புழங்கும் வீட்டில், பத்து மாதம் வெளியில் கிடந்த அரை உப்பு ஜாடியைக் காப்பாற்றி என்ன லாபம்? ஆய்வகத்தில் கொடுத்து அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நிறப்பகுப்புக் கருவியில் அரை நாளில் அளந்துவிடலாம்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே ஜாடியின் மேல்பகுதியிலிருந்தும் அடிப்பகுதியிலிருந்தும் எடுத்த இரண்டு கரண்டிகளுக்கு வெவ்வேறு எண்கள் வந்ததைப் பார்த்து, கருவி பழுது என்று சண்டைக்குப் போனேன். கருவி சரியாகத்தான் இருந்தது. அந்தச் சோதனைக்கு நீங்கள் தரும் பணத்தில் புதிதாக நான்கு ஜாடி போட்டுவிடலாம்.

மாமனாரின் இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கவேண்டிய இடம் ஜாடி அல்ல, கரண்டி. 12 சதவீத மிசோவில் 15 கிராம் எடுத்தால் 1.8 கிராம் உப்பு. நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர் கிண்ணத்துக்கு அரைக் கரண்டி மிசோ போட்டு, சூப்பை உப்பில்லாத காய்கறிச் சாற்றில் செய்யுங்கள். ஜாடிக்கு உரிய உப்பு ஜாடியில் இருக்கட்டும். எடை போட்டே உப்பைச் சேருங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். உப்பு போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். சோயா சாஸ் ஊறும் கடும் உப்பிலேயே டெட்ராஜினோகாக்கஸ் ஹாலோஃபிலஸ் என்ற பாக்டீரியா சுகமாக வளர்கிறது. நல்ல மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் சில வகைகள் ஹிஸ்டமினைத் தயாரிக்கும் மரபணுவையும் சுமந்து திரிகின்றன. இதனால்தான் பெரிய தயாரிப்பாளர்கள் அந்த மரபணு இல்லாத வித்தைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். வீட்டில் உங்களால் ஆகக்கூடியது, நம்பகமான கோஜி வித்து, சுத்தமான பாத்திரம், சரியான உப்பு, பழுத்தபின் குளிர்பதனப் பெட்டி.

கொதிக்கவைத்தால் போதுமா என்ற கேள்விக்குப் பதில்: அமீன்களுக்குப் போதாது. ஹிஸ்டமினும் டைரமினும் கொதிநீருக்கு மசிவதில்லை. உறையவைத்தாலும் அப்படியே இருக்கும். கொதிக்கவைத்தால் அவற்றைத் தயாரித்த பாக்டீரியா சாகும், தயாரித்துவைத்த சரக்கு சாகாது. பொட்டுலினம் நச்சு இதற்கு நேர் எதிர்: 85 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் நச்சு அழிந்துவிடும், ஆனால் அதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கிடக்கும். அடுப்பு ஒன்றுதான் என்றாலும் ஆபத்துக்கு ஆபத்து அது வேறு விதமாக நடந்துகொள்கிறது. மூக்கையும் நம்பவேண்டாம். ஆபத்தான அளவு ஹிஸ்டமின் உள்ள உணவு பார்வைக்கும் வாசனைக்கும் அருமையாக இருக்கக்கூடும்.

கணவருக்கு என்ன ஆயிற்று? ஒரே ஒரு நிகழ்வை வைத்து, நேரில் பார்க்காத ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கோர்வையாக யோசிக்கலாம். முகம் சிவந்து, தலை வலித்து, சில மணி நேரத்தில் அடங்குவது ஹிஸ்டமினுக்குப் பொருந்தும். மேலே சொன்ன ஐரோப்பிய மதிப்பீட்டில், உடல்நலமுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் ஹிஸ்டமின் வரை தீங்கில்லை என்று இருக்கிறது. ஒரு கிண்ணம் சூப்பில் 15 கிராம் மிசோ. அதில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் இருந்தால்கூட வயிற்றுக்குப் போவது 3 மில்லிகிராம். கிலோவுக்கு 200 என்பது மீனில் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி அனுமதிக்கும் உச்சவரம்பு. மீனை நாம் துண்டு துண்டாகச் சாப்பிடுகிறோம், மிசோவைக் கரண்டியில் கரைத்துக் குடிக்கிறோம். நொதித்த சோயாவால் ஹிஸ்டமின் நச்சு அவ்வளவாகக் கேள்விப்படாததற்கு முக்கியமான காரணம் இதுவே. ஆகவே மிசோ தனியாகச் செய்த வேலையாக எனக்குத் தோன்றவில்லை. என் சந்தேகம் கூட்டணி மீதுதான். பழைய நாட்டோவில் அமீன்கள் கூடியிருக்கலாம். குடலில் ஹிஸ்டமினை உடைக்கும் டையமீன் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் புட்ரசினும் கடாவரினும் வேறு வேலையில் இழுத்துவிடும். மது அதை இன்னும் மந்தமாக்கும். ஒயினிலும் ஹிஸ்டமின் இருக்கிறது. எல்லாம் ஒரே இரவில் ஒரே வயிற்றில். ஒயின் மட்டுமே முகத்தைச் சிவக்கவைக்கும் உடல்வாகும் சிலருக்கு உண்டு.

இரண்டு வாரம் அவர் நொதித்தவற்றையும் மதுவையும் விட்டுவிடட்டும். பிறகு புதிய சோயா சாஸ் ஒரு நாள், 12 சதவீத உப்பிட்ட மிசோ நான்கு நாள் கழித்து என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள், மது கடைசியில். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். ‘ஹிஸ்டமின் ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனை’ என்று விற்கப்படுபவற்றை நம்பிப் பணம் கட்டாதீர்கள்; அந்தத் தாள் அவற்றைவிட உருப்படியானது. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, மயக்கம் வந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கலாம். நாட்டோவுக்கு மட்டும் ஒரு விசித்திரம் உண்டு: அதன் இழைபோன்ற வழவழப்புப் பொருளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சாப்பிட்டு அரை நாள் கழித்துக்கூடத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம். ஜப்பானில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களிடம் இதை அதிகம் கண்டார்கள். ஜெல்லிமீன் கொட்டுவதில் உடல் அந்தப் பொருளுக்குப் பழகிவிடுகிறதாம். உங்கள் கணவருக்கு அரை மணியில் வந்ததால் இதுவாக இருக்காது. ஆனால் நள்ளிரவில் தடிப்போடு எழுபவர் இரவுச் சாப்பாட்டை மட்டும் சந்தேகிக்காமல் காலைச் சாப்பாட்டையும் நினைத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

தேதி முடிந்த நாட்டோவை இனி வைத்திருக்காதீர்கள். அதில் உப்பே கிடையாது. அதை நொதிக்கவைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா உயிரோடு இருக்கிறது; குளிரில் வேகம் குறைகிறதே தவிர வேலை நிற்பதில்லை. அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் அது பழையது. டெம்பேயும் அப்படியே. 30 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை கட்டியாகப் பிடித்ததும் எடுத்துச் சமைத்துவிடுங்கள், அல்லது உறையவைத்துவிடுங்கள். காற்றுத் துளைகளின் ஓரம் சாம்பல், கறுப்புப் புள்ளி வருவது பூஞ்சை வித்து விடுவது, பரவாயில்லை. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள், பிசுபிசுப்பு வந்தால் குப்பைக்கு. சோயாவை வேகவைக்கும் நீரில் கொஞ்சம் வினிகர் சேர்ப்பது பழைய வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பூஞ்சைக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டில்லை, கெடுக்கும் பாக்டீரியாவுக்குப் பிடிக்காது.

அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்து நொதித்த டோஃபுவில் இறங்கிவிடாதீர்கள். வீட்டில் செய்த நொதித்த டோஃபுவால் 2006-இல் கலிஃபோர்னியாவிலும் 2012-இல் நியூயார்க்கிலும் பொட்டுலினம் நச்சு ஏற்பட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. ஈரமான, புளிப்பில்லாத, புரதம் நிறைந்த கட்டியைக் காற்றுப் புகாமல் மூடி வெளியில் வைப்பதைவிட அந்தப் பாக்டீரியாவுக்கு நல்ல வரவேற்பு கிடையாது. அதை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் பின்குறிப்பு. பழைய ஜாடியில் மணல்போல நெறுநெறுக்கும் வெள்ளைத் துகள்கள் அமீன் அல்ல, டைரோசின். புரதம் நன்றாக உடைந்ததில் நீரில் எளிதில் கரையாத இந்த அமினோ அமிலம் படிகமாக ஒதுங்கிவிடுகிறது. முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இதே துகள் உண்டு. டைரமினுக்குத் தாய்ப்பொருள் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் துகள் நிறைய இருந்தால் டைரமினும் நிறைய இருக்கும் என்று அர்த்தமில்லை. உடையாமல் மிஞ்சிய டைரோசின்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு துகளை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உப்புத்தூள்போலக் கரகரவென்று இருந்தால் டைரோசின். பஞ்சுபோல நார் நாராக, மேற்பரப்பில் மட்டும் படர்ந்திருந்தால் பூஞ்சை; அதைச் சுற்றிலும் தாராளமாக ஒரு கரண்டி ஆழம் வெட்டி எறிந்துவிட்டு அடியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஜாடி 12 சதவீத உப்பில் போட்டதுதானே? நீங்களும் மாமனாரும் இன்று இரவே அதில் சூப் வைத்துக் குடிக்கலாம். மாமியாரின் கிண்ணம் மட்டும் மருந்தாளுநரின் பதில் வரும்வரை காத்திருக்கட்டும்.